கட்டுத்தரையும் சேர்ந்ததே வீடு

பழங்கட்டடங்களைக் காப்பது என்றவுடன் நம் நாட்டுப் பத்திரிகைகளும் அரசாங்கமும் கலாபிமானிகளும் ஒருமுகமாக நினைத்துக்கொள்வது கோபுரங்களையும் அரண்மனைகளையும் செட்டிநாட்டு மாளிகைகளையுமே. அவற்றைக் காப்பது தக்க காரியந்தான் என்பதில் எவருக்கும் ஆட்சேபம் இருக்க நியாயமில்லை. ஆனால் இந்நாட்டு ஜனங்களில் பெரும்பாலோர் மாளிகையில் வாழ்ந்தவர்களல்லர். மண்ணும் ஓலையும் கருங்கல்லும் கொண்டு, அக்கம்பக்கத்தாரின் உதவியோடு தாமே எழுப்பிக்கொண்ட வீடுகளில் வாழ்ந்தவர்கள். அத்தகைய குடியானவர் வீடுகளின் சரித்திரத்தை எழுதப் புகுந்த சிலரும் வாசற்கதவையும் தூணையும் முற்றத்தையும் வருணித்துவிட்டு, பக்கத்திலே தாழ்ந்த கூரையின்கீழ் நிற்கும் மாட்டுக் கொட்டகையைக் கண்ணெடுத்தும் பாராமல் திரும்பிவிடுகிறார்கள். கொங்கு நாட்டுத் தோட்டத்து வீட்டைப் பொறுத்தவரையில், கட்டுத்தரை என்று அங்கே வழங்கும் அந்தக் கொட்டகைதான் வீடு எங்கே அமையவேண்டும் என்பதைத் தீர்மானித்தது. வீடு கட்டுவதற்கான செல்வத்தை ஈட்டியது. வீடு கழித்துவிட்ட பழமையைத் தன்னிடத்தில் சேமித்தும் வைத்திருக்கிறது. அதை விலக்கிவிட்டு எழுதுகிற சரித்திரமும், அதை இடித்துவிட்டுச் செய்கிற பாதுகாப்பும் பாதிக்காரியமே என்பது என் அபிப்பிராயம்.

காங்கேயம், தாராபுரம், பல்லடம் ஆகிய ஊர்களைச் சூழ்ந்த பிரதேசத்தில் வீடுகள் தஞ்சைத் தரணியில் போலத் தெருத் தெருவாகக் கூடி நிற்பதில்லை. ஊர் என்பது கோயிலும் கடைவீதியும் சில தெருக்களுமாக ஓரிடத்தில் இருக்க, குடியானவர்கள் பலர் தத்தம் பூமியிலேயே, ஒருவர் வீட்டுக்கும் மற்றொருவர் வீட்டுக்கும் இடையே கூப்பிடு தூரமோ அதற்கு மேலோ விட்டு, தனித்தனியே வசிப்பார்கள். காங்கேயத்தைச் சுற்றி ஆண்டு மழை சுமார் 600 மில்லிமீட்டரே. பெரிய ஆறு பாய்ந்து வளப்படுத்தும் நிலமும் அங்கே குறைவு. ஆகவே பாறையைப் பிளந்து ஆழக் கிணறு வெட்டி, அந்தக் கிணற்று நீரைக் கொண்டு சில ஏக்கர் பூமியைத் தோட்டமாகவும், மழையை நம்பி மீதியை மேட்டாங்காடாகவும், இன்னும் ஒரு பகுதியைக் கிளுவை வேலி சூழ்ந்த கொறங்காடாகவும் வைத்துக்கொள்வதே அங்கே விவசாய முறையாக வளர்ந்தது. கொறங்காட்டில் கொழுக்கட்டைப் புல்லும் வெள்வேல மரமும் வளரும்; அதிலே மேய்ந்துதான் காங்கேயம் மாடு என்ற கீர்த்தி பெற்ற இனம் உருவாயிற்று. 1936-இல் தென்னிந்தியக் கால்நடைகளைப் பற்றி நூல் எழுதிய லிட்டில்வுட் துரை முதலாக அந்த இனத்தை ஆராய்ந்தவர்களெல்லாம் பழையகோட்டைப் பட்டக்காரரின் மந்தையைக் குறிப்பிடாமல் சென்றதில்லை.

அந்தக் கிணற்றிலிருந்து நீரை மேலே கொணர்ந்தது எருது. கிணற்றின் விளிம்பிலிருந்து சரிவாக இறங்கும் வாரியில் ஒரு ஜோடி எருதுகள் கயிற்றை இழுத்துக்கொண்டு இறங்கும்போது சால் நிறைந்த தண்ணீர் மேலே வந்து தோல்வாய் வழியாக வாய்க்காலில் கொட்டும். பிறகு அவை அதே சரிவில் பின்னோக்கி ஏறி வரும்போது சால் மீண்டும் கிணற்றுக்குள் அமிழும். கவலை ஏற்றம் என்ற இந்த வேலை பொழுது விடியுமுன்பே தொடங்கி வெயில் ஏறும்வரையில் நடக்கும். கோடைக்காலத்தில் மாலையிலும் தொடரும். நாள்தோறும் இருட்டிலே எருதுகளை அவிழ்த்துப் பூட்டவேண்டியவன் அவற்றை ஊருக்குள் ஒரு தெருவிலே கட்டிவைத்துவிட்டுத் தோட்டத்துக்கு ஓட்டிக்கொண்டு வருவது சாத்தியமல்ல. எருதுகள் கிணற்றருகே இருந்தே தீரவேண்டும். அவற்றுக்குத் தீனி போடவும் திருட்டுப் போகாமல் காக்கவும் மனிதன் அவற்றின் அருகே இருந்தே தீரவேண்டும். முதலில் கிணறு, கிணற்றை அடுத்துக் கட்டுத்தரை, கட்டுத்தரையை அடுத்துக் காவலுக்கு ஓர் ஓலைச் சாளை, அந்தச் சாளை நாளடைவில் குடும்பம் முழுவதையும் கொள்ளுமாறு விரிந்த வீடு என்பதே பல தோட்டங்களில் இக்கட்டடத்தின் வம்சாவளி. வீட்டுக்குப் பின்னால் தொழுவம் சேர்க்கப்பட்டது என்று நாம் எண்ணுவது தலைகீழான எண்ணம். அங்கெல்லாம் தொழுவத்தோடு சேர்க்கப்பட்டது வீடுதான்.

அவ்வாறு விரிந்த வீடு எப்படியிருந்தது என்பதைச் சற்று விஸ்தாரமாகச் சொல்லவேண்டும். செம்மண்ணைக் குழைத்து, எருதுகளையும் ஆட்களையும் விட்டு மிதிக்கச் செய்து, ஒன்றரை அடி உயரத்துக்கு ஒரு படையாக வைத்து, அது காய்ந்தபின் அடுத்த படையை ஏற்றி எழுப்பிய சுவர்கள் ஒன்றரை அடிக்குக் குறையாத கனம் உடையவை. கிணறு வெட்டியபோது வெளிவந்த கல்லே பல இடங்களில் அஸ்திவாரமாகவும் திண்ணைக் கட்டாகவும் ஆயிற்று. கொஞ்சம் வசதி உள்ளவர்கள், ஓடைகளிலும் காட்டிலும் பொறுக்கிய சுக்கான்கல்லைச் சுட்டு எடுத்த சுண்ணாம்பால் பூசினார்கள். மற்றவர்கள் சாணமும் செம்மண்ணும் கொண்டு மெழுகினார்கள். முன்னால் திண்ணை, அதைக் கடந்தால் விருந்தினரை அமர்த்தும் ஆசாரம், உள்ளே தானியமும் பணமும் இருக்கும் இருட்டறை, ஒரு பக்கத்தில் சமையற்கட்டு, மேலே விறகும் பாத்திரமும் ஏற்றிவைக்கும் அட்டாலி என்பது சாதாரணக் குடும்பத்தின் வீடு. செல்வம் பெருகியபோது அதுவே நான்கு பக்கமும் கட்டி நடுவிலே வானம் தெரியும் தொட்டிக்கட்டு வீடாக வளர்ந்தது. கம்பும் சோளமும் மண்ணாலும் மூங்கிலாலும் செய்த தொம்பைகளிலும், களத்தின் ஓரத்தில் தோண்டிய குழிகளிலும் வருஷக்கணக்காகக் கிடக்கும்.

இனி, எவரும் வருணியாத கட்டுத்தரைக்கு வருவோம். நீண்ட, ஒடுங்கிய கொட்டகை அது. பெரும்பாலும் வீட்டுச் சுவரின்மீதே சாய்ந்த ஒற்றைச் சாய்ப்பு, அல்லது வீட்டுக்குச் செங்கோணத்தில் தனியே நிற்கும் இரட்டைச் சாய்ப்பு. அதற்குச் சுவர் ஒரு பக்கமே உண்டு. மற்றப் பக்கங்களைத் தாங்குவன அந்த நாட்டுப் பாறையிலிருந்து நெடுக்காகப் பிளந்து எடுத்த கல்லுக்கால்கள். மூத்திரமும் ஈரமும் மரத்தூணை இற்றுப்போகச் செய்துவிடும். கல்லை ஒன்றும் செய்யா. வீட்டுக்குள்ளே மரத்தூணும் கட்டுத்தரையிலே கற்றூணும் நிற்பதற்குக் காரணம் அந்தஸ்தன்று, அனுபவ ஞானமே. தரையில் பாவிய கற்கள் ஒரு பக்கமாகச் சரிந்திருக்கும். சரிவின் அடியில் ஓடும் சிறு கால்வாய் மூத்திரத்தை எருக்குழிக்குக் கொண்டுசெல்லும். தீனி போடும் காடியின் விளிம்பு மாட்டின் கழுத்து உரசி உரசிக் கண்ணாடிபோல் வழவழத்திருக்கும் இடங்களும் உண்டு. தண்ணீர்த் தாழி, வைக்கோலும் சோளத்தட்டும் அடுக்கிய போர், குப்பைமேடு, வண்டி நிறுத்தும் இடம், ஆட்டுப்பட்டிப் படல் என்று இவ்வளவும் கட்டுத்தரையைச் சுற்றியே அமைந்தன. வீட்டின் அளவைப் பார்த்து ஒரு குடும்பத்தின் மக்கள்தொகையைத்தான் ஊகிக்கலாம். கட்டுத்தரையின் நீளத்தைப் பார்த்தாலோ கவலைக்கு எத்தனை ஜோடி, வண்டிக்கு எத்தனை, பாலுக்கு எருமை எத்தனை, ஆகவே தோட்டம் எத்தனை ஏக்கர், கிணறு ஒற்றைக் கவலையா இரட்டைக் கவலையா என்பது வரையில் சொல்லிவிடலாம்.

இவ்விரு கட்டடங்களையும் ஒன்றாகப் பிணைத்த இன்னொரு சக்தி காற்று. மேற்குத் தொடர்ச்சி மலையில் பாலக்காட்டுக் கணவாய் என்னும் இடைவெளி இருப்பதனால் ஆனி, ஆடி மாதங்களில் மேல்காற்று கொங்கு நாட்டுச் சமவெளியில் தடையின்றிப் பாய்கிறது; இன்று பல்லடம், உடுமலைப் பக்கங்களில் காற்றாலைகளைச் சுழற்றும் அதே காற்றுத்தான் அன்று கூரைகளைப் பிய்த்தெறிந்தது. அதனால் மேற்குச் சுவரில் பெரிய சன்னல் வைக்காமலும், வாசலைக் கிழக்கிலோ வடக்கிலோ திறந்தும், கூரையின் எறவாணத்தை ஆள் குனிந்து நுழையுமளவு தாழ்த்தியும் கட்டினார்கள். கட்டுத்தரை வாடை அடுப்படிக்குள் வீசாத பக்கத்திலும், திண்ணையில் படுத்திருக்கும் கிழவரின் செவிக்கு மாட்டின் கழுத்துமணி எட்டும் தூரத்திலும் இருக்கவேண்டும் என்ற இரண்டு நிபந்தனைகளையும் ஒருங்கே நிறைவேற்றுவது சுலபமல்ல. எந்தச் சிற்ப சாஸ்திரத்தையும் படியாத கொத்தனார்கள் அதைச் சாதித்தார்கள். பொங்கலுக்கு முன்னாள் பூளைப்பூவும் ஆவாரம்பூவும் வேப்பிலையும் சேர்த்துக் காப்புக் கட்டும்போது வீட்டு எறவாணத்தில் கட்டியவுடன் கட்டுத்தரையிலும் கிணற்றடியிலும் கட்டுவது இன்றைக்கும் அங்கே உள்ள வழக்கம். மூன்றும் ஒரே வீடு என்பதற்கு அந்த ஜனங்கள் வைத்த பிரமாணம் அது.

சரித்திர ஆராய்ச்சிக்கு மிகப் பயனுள்ள விஷயம் கூரையிலே இருக்கிறது. ஆதியில் வீட்டுக்கும் கட்டுத்தரைக்கும் ஒரே பனையோலைக் கூரைதான், கைமரமும் பனங்கட்டையே. தீப்பிடிக்கும் பயமும், சில ஆண்டுகளுக்கொருமுறை மாற்றும் செலவும் உள்ள அந்தக் கூரையை நீக்கி, குயவர் சக்கரத்தில் குழாய்போல் வனைந்து இரண்டாகப் பிளந்து சுட்ட நாட்டோட்டை வேய்ந்தது அடுத்த நிலை. மூன்றாவது நிலை மேற்குக் கடற்கரையிலிருந்து வந்தது. 1865-இல் பாசல் மிஷனைச் சேர்ந்த பிளெப்ஸ்ட் என்ற ஜெர்மானியர் மங்களூரில் இயந்திரத்தால் ஓடு செய்யும் ஆலையை நிறுவினார். பின்னர்க் கோழிக்கோடு, பாலக்காடு பக்கங்களிலும் அந்த மிஷனுடைய ஆலைகள் எழுந்தன. சென்னையிலிருந்து ஈரோடு, திருப்பூர், போத்தனூர் வழியாக மேற்குக் கடற்கரைக்குச் செல்லும் ரயில்பாதை 1862-லேயே திறக்கப்பட்டுவிட்டபடியால், இலேசானதும், ஒன்றோடொன்று கவ்விக்கொள்வதும், ஆண்டுதோறும் அடுக்கி மாற்றவேண்டிய தொல்லை குறைந்ததுமான சீமை ஓடு கொங்கு நாட்டின் உட்கிராமங்களுக்கும் ரயிலடியிலிருந்து வண்டியேறி வந்துசேர்ந்தது.

ஆனால் சீமை ஓடு முதலில் ஏறியது வீட்டின்மேல்தான். அப்போது இறக்கிய நாட்டோட்டைக் குடியானவன் வீசி எறிந்துவிடவில்லை. கட்டுத்தரையின் ஓலையைக் கழற்றிவிட்டு அதன்மேல் வேய்ந்தான். வீட்டுக்குத் தேக்கு விட்டம் வாங்கியபோது பழைய வேம்பு விட்டம் கட்டுத்தரைக்குப் போயிற்று. புதுக் கதவு வைத்தபோது பழைய கதவு தட்டுப்போர் அறைக்குப் போயிற்று. மூத்த பிள்ளையின் சட்டை இளைய பிள்ளைக்கு வருவதுபோல், வீடு ஒரு தலைமுறை முந்தி உடுத்தியதை எல்லாம் கட்டுத்தரை உடுத்திக்கொண்டது. ஆகையால் இன்றைக்கு நூறு வருஷத்து வீட்டின் முந்திய ரூபத்தை அறிய விரும்புகிறவன் போகவேண்டிய இடம் ஆசாரமல்ல, கட்டுத்தரையே. இதை அறியாமல் ஓட்டின் முதுகைத் திருப்பிப் பார்த்து வீட்டின் வயதைக் கணிப்பவர்களும் இருக்கிறார்கள். மங்களூர் ஆலைகள் சில, தாம் தொடங்கிய ஆண்டையே முத்திரையில் பொறித்துவந்தன. 1865 என்றோ 1868 என்றோ கண்டமாத்திரத்தில் வீடு அந்த ஆண்டைச் சேர்ந்தது என்று முடிவு கட்டுவது பேதைமை. கட்டுத்தரைக் கூரையில் மிச்சமிருக்கும் நாட்டோடும், கைமரத்தின் துளைகளும், சுவரில் அடைபட்ட பழைய வாசலும் அதைவிட நம்பத்தக்க சாட்சிகள்.

எந்தக் காலத்தில் இவ்வீடுகள் பெருகின என்பதற்கும் காரணங்கள் உண்டு. 1876 முதல் 1878 வரை நிலவிய தாதுவருஷப் பஞ்சம் கோயம்புத்தூர் ஜில்லாவில் மனிதரையும் மாட்டையும் ஒருசேர வாரிக்கொண்டு போயிற்று. அதற்குப்பின் 1883, 1884-ஆம் ஆண்டுகளில் இயற்றிய கடன் சட்டங்களின்கீழ் அரசாங்கம் கிணறு வெட்டத் தக்காவிக் கடன் கொடுத்தது. 1887-இல் கோயம்புத்தூர் ஜில்லா மானுவலை வெளியிட்ட நிக்கல்சன் துரை இந்தக் கிணற்று விவசாயத்தை மிகுந்த கவனத்தோடு எழுதிவைத்தார். 1888-இல் கோயம்புத்தூரில் முதல் பஞ்சாலை எழுந்தது; அடுத்த நூற்றாண்டின் முதல் பத்தாண்டில் கம்போடியாப் பருத்தி வந்தது. கிணற்று நீரில் விளைந்து ஆலைக்குப் போன அந்தப் பருத்தியின் பணமே பல சாளைகளைத் தொட்டிக்கட்டு வீடுகளாக மாற்றியது. அந்தப் பருத்திக்குத் தண்ணீர் இறைத்ததும், அதை ரயிலடிக்கு இழுத்துச் சென்றதும், அதன் வேருக்கு எருவிட்டதும் கட்டுத்தரையில் நின்ற எருதுகளே. கட்டுத்தரை வீட்டைக் கட்டியது என்று நான் முன்னே சொன்னது அலங்காரமாகச் சொன்னதன்று.

இவ்வளவும் சொல்லிவிட்டு இன்னொன்றைச் சொல்லாது விடுவது அதர்மம். அந்தக் கட்டுத்தரையைக் கூட்டியவர்கள், சாணம் அள்ளியவர்கள், சாலுக்குத் தோல் தைத்தவர்கள், ஆட்டுப்பட்டிக்குக் காவல் படுத்தவர்கள் பெரும்பாலும் அருந்ததியர் சமூகத்தைச் சேர்ந்த பண்ணையாட்கள். அவர்களுடைய சிறுபிள்ளைகளும் வருஷக் கூலிக்கு ஆடு மேய்த்தார்கள். அவர்கள் வீட்டு வாசற்படியைத் தாண்டக்கூடாது. அவர்களுக்குக் கூழ் ஊற்றியது கட்டுத்தரைப் பக்கத்திலேதான். மாட்டுக்கு நிழல் தந்த கூரை மனிதனுக்கு எல்லையாகவும் நின்றது என்பது அந்தக் கட்டடத்தின் அமைப்பிலேயே எழுதப்பட்டிருக்கிறது. எந்த வாசல் எங்கே இருந்தது, எந்தத் தொட்டியில் எவருக்குத் தண்ணீர் என்பதெல்லாம் வெறும் கட்டட விவரங்களல்ல. பெருமாள்முருகனுடைய ‘கூளமாதாரி’ நாவலைப் படித்தவர்களுக்கு இது புதிய செய்தியாக இராது. கொத்தடிமை முறையை ஒழிக்கும் சட்டம் 1976-இல்தான் வந்தது. அவ்வாறே இருண்ட சமையற்கட்டின் புகையிலும், விடியுமுன்னே தொடங்கும் சாணி வேலையிலும் ஆயுளைச் செலவிட்ட பெண்களின் உழைப்பும் இவ்வீடுகளில் அடங்கியிருக்கிறது. பழைய வீட்டைப் பாதுகாப்பதென்றால் தேக்குத் தூணின் அழகைமட்டும் பாதுகாப்பது என்று கொள்ளுகிறவர்கள், இந்தச் சாட்சியத்தை அழித்துவிட்டு அழகைமட்டும் எடுத்துக்கொள்ளுகிறார்கள். கட்டுத்தரையும் இருக்கவேண்டும் என்று நான் வாதாடுவதற்கு இதுவும் ஒரு முக்கியக் காரணம்.

கட்டுத்தரையின் க்ஷீண தசை மின்சாரத்தோடு தொடங்கியது. 1932-இல் நீலகிரியில் பைக்காரா நீர்மின் நிலையம் இயங்கத் தொடங்கியபின், இந்தியாவிலேயே முன்னதாக மின்கம்பி எட்டிய கிராமங்களில் கொங்கு நாட்டுக் கிராமங்களும் சேர்ந்தன. மோட்டார் வந்ததும் கவலை நின்றது. கவலை நின்றதும் அந்த வேலைக்கென்றே கட்டியிருந்த எருதுகளின் இடம் காலியாயிற்று. 1972-இல் மின்கட்டண உயர்வை எதிர்த்து நாராயணசாமி நாயுடு தலைமையில் விவசாயிகள் கட்டைவண்டிகளைப் பூட்டிக்கொண்டு கோயம்புத்தூர் வீதிகளை நிறைத்தார்கள். எருதுகளைக் கிணற்றடியிலிருந்து விலக்கிய அதே மின்சாரத்துக்காக எருதுகளே வண்டி இழுத்துச் சென்று போராடிய விசித்திரத்தைச் சரித்திரம் வேறெங்கும் காட்டுமா என்பது ஐயமே. அதற்குப் பிறகு டிராக்டர் வந்து உழவையும், லாரி வந்து பாரத்தையும் எடுத்துக்கொண்டன. பால் சொசைட்டிக்கு ஊற்றுவதற்கு ஜெர்சிக் கலப்புப் பசு வந்தபோது, அது வெயில் தாங்காது என்று சிமெண்டுத் தரையும் மின்விசிறியும் உள்ள வேறு கொட்டகை போடவேண்டியதாயிற்று. பல்லடம், சோமனூர்ப் பக்கங்களில் பழைய கட்டுத்தரைகள் பலவற்றில் விசைத்தறிகள் ஏறின. மாடு நின்ற நீளத்தில் தறி நின்றது. கட்டடம் ஒருவிதமாகப் பிழைத்தது. இன்னும் பல இடங்களில் அஸ்பெஸ்டாஸ் தகடு வேய்ந்து, கல்லுக்கால்களைப் பிடுங்கி வேலிக்கு நட்டுவிட்டார்கள்.

இப்பொழுது நடப்பது யாதெனில், வாரிசுகள் கோயம்புத்தூரிலோ திருப்பூரிலோ குடியேறிவிட, தோட்டத்து வீடு பூட்டிக் கிடக்கிறது. மூன்று மழைக்காலம் ஓடு மாற்றாமல் விட்டால் மண்சுவருக்குள் நீர் இறங்கும். சுவர் ஊறியபின் இடிப்பதைத் தவிர வேறு வழியில்லை என்று சொல்லுவார்கள். முதலில் விழுவது கட்டுத்தரை. அதைப் பற்றி எவரும் துக்கப்படுவதில்லை. பின்னர்ப் பழம்பொருள் வியாபாரி வந்து தூணையும் கதவையும் பேரம் பேசுகிறான். அந்தத் தூண் ஒரு நகரத்து உணவு விடுதியின் முகப்பில் எதையும் தாங்காமல் நிற்கப் போகிறது. விலைபோகாத சுவர் மண்ணாகவே மண்ணில் சேருகிறது. காடிக் கற்களும் தாழியும் பூந்தொட்டி வைக்க உதவுகின்றன. 2017-இல் நாட்டுமாட்டின் பெயரால் தமிழகம் முழுவதும் இளைஞர்கள் திரண்டார்கள். அந்த மாடு தலைமுறை தலைமுறையாக நின்ற இடத்தின் பெயரால் ஒரு கூட்டமும் கூடியதாகத் தெரியவில்லை.

இதை மறுத்துச் சொல்லக்கூடியவை எனக்குத் தெரியாதவையல்ல. மாடே போனபின் கொட்டகை எதற்கு என்று கேட்கலாம். தேளும் எலியும் ஒழுக்கும் உள்ள வீட்டில் குடியிருந்து பார்த்தவன் இப்படி எழுதமாட்டான் என்று சொல்லலாம். மண்வீட்டைப் பராமரிக்க ஆள் ஏது, பணம் ஏது என்றும், மண்சுவருக்கு எந்த வங்கி எளிதில் கடன் கொடுக்கிறது என்றும் வினவலாம். அத்தனையும் நியாயமான கேள்விகளே. குடியானவன் ஒழுகுகிற வீட்டில் வாழ்ந்துகொண்டே நமக்காகப் பழமையைக் காக்கவேண்டும் என்று நகரத்தில் அமர்ந்துகொண்டு உபதேசம் செய்ய நமக்கு அதிகாரமில்லை. எல்லா வீட்டையும் காக்கவேண்டும் என்பது என் கட்சியன்று. எந்த வீடும் தன்னைப் பற்றிய குறிப்பு ஒன்றைக்கூட விட்டுவைக்காமல் மறைந்துபோகலாகாது என்பதும், காக்கப்படுகிற சிலவற்றையாவது கட்டுத்தரையோடும் கிணற்றோடும் சேர்த்து முழுமையாகக் காக்கவேண்டும் என்பதுமே என் கட்சி.

சட்டம் இதற்குப் பெரிதாக உதவக்கூடியதன்று. 1958-ஆம் ஆண்டு மத்திய தொல்லியல் சட்டம் நூறாண்டு கடந்த நினைவுச் சின்னங்களைப் பேணுவதற்கானது. அதன்கீழ்க் கோட்டையும் கோயிலும் வருவதுபோல் கட்டுத்தரை வருவது எளிதல்ல. தமிழ்நாட்டுச் சட்டசபை 2012-இல் மரபு ஆணையத்துக்கென்றே ஒரு சட்டம் இயற்றியது. அந்தச் சட்டத்தின் கண் கிராமத்து விவசாயியின் வீட்டின்மீது எப்போது விழும் என்பதே கேள்வி. முட்டுக்காட்டில் 1996-இல் திறந்த தட்சிணசித்ராவில் செட்டிநாட்டு வீடு முதலிய பழைய வீடுகளைப் பெயர்த்துக் கொணர்ந்து நிறுத்தியிருக்கிறார்கள்; மெச்சத்தக்க முயற்சி அது. அதற்கும் நூறாண்டுக்கு முன், 1891-இல், சுவீடன் தலைநகரான ஸ்டாக்ஹோமில் ஹசேலியுஸ் என்பவர் ஸ்கான்சன் என்ற திறந்தவெளிக் காட்சிசாலையைத் தொடங்கியபோது, குடியானவரின் வீட்டைமட்டும் கொண்டுவராமல் தொழுவம், களஞ்சியம் ஆகிய முற்றத்துக் கட்டடங்களையும் சேர்த்தே கொண்டுவந்து நிறுத்தினார். வீடு என்பது எது என்ற கேள்விக்கு அந்நாட்டார் அன்றே சரியான விடை கண்டுவிட்டார்கள்.

நாம் செய்யக்கூடிய காரியங்கள் பெரும் பொருட்செலவு கோருவனவல்ல. கோயம்புத்தூர், திருப்பூர், ஈரோடு, கரூர், நாமக்கல் ஜில்லாக்களில் கட்டடக்கலை, பொறியியல், சரித்திரம் பயிலும் மாணவர்கள் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள்; ஒவ்வொரு வகுப்பும் ஆண்டுக்குச் சில தோட்டத்து வீடுகளை அளந்து, வீடு, கட்டுத்தரை, கிணறு, களம், வாரி ஆகிய எல்லாவற்றையும் ஒரே வரைபடத்தில் போட்டு, எந்தக் கூரை எந்தக் காலத்தது, எந்த வாசல் எவருக்குரியது என்று முதியோரிடம் கேட்டு எழுதிவைத்தால் பத்தாண்டில் ஒரு மகத்தான களஞ்சியம் சேரும். அந்த முதியோரில் காணியுடையவர் மட்டுமல்ல, பண்ணையாளாக இருந்தவரும் இடம்பெறவேண்டும். அரசாங்கம் புதிய வீட்டுக்கு உதவி கொடுப்பதுபோல் மண்சுவரையும் ஓட்டுக்கூரையையும் பழுதுபார்ப்பதற்கும் ஒரு சிறு பங்கு ஒதுக்கலாம்; சுண்ணாம்புப் பூச்சும் ஓடு வேய்தலும் அறிந்த கொத்தனார்கள் மிஞ்சியிருக்கும்போதே தொழிற்பயிற்சி நிலையங்களில் அவர்களை ஆசிரியர்களாக அமர்த்தலாம். தாலுகாவுக்கு ஒரு வீட்டையேனும், உடையவர் சம்மதத்தோடு, கட்டுத்தரையும் கவலைக் கிணறும் உட்பட அப்படியே நிறுத்தி, அதிலே நாட்டுமாடுகளையும் கட்டிவைத்துப் பள்ளிப் பிள்ளைகளுக்குக் காட்டலாம்.

தோட்டத்து வீட்டை வைத்திருக்கும் அன்பர்களுக்கு நான் விண்ணப்பம் செய்வது இவ்வளவே. வீட்டை இடிப்பதா, வைப்பதா என்பது உங்கள் உரிமை. அதிலே எவரும் தலையிடவேண்டியதில்லை. ஆனால் இடிக்கத் துணிந்தால், கடப்பாரை எடுப்பதற்கு முன்னால் நாலாபக்கமும் படம் எடுத்து, நீளம் அகலம் அளந்து, கட்டியவர் எவர், வேலை செய்தவர் எவர் என்று உங்கள் வீட்டுப் பெரியவர்களைக் கேட்டு ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி, ஒரு பிரதியை அருகிலுள்ள கல்லூரிக்கோ கிளை நூலகத்துக்கோ கொடுங்கள். அந்த வேலையைக் கட்டுத்தரையிலிருந்து தொடங்குங்கள். முதலில் விழப்போவது அதுதான்.